பல்பம் தின்கிறாளா என்ற கேள்விக்கு நான் சொன்ன பதில்

அன்புள்ள அமுதாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று இந்தத் தடவை ஆரம்பிக்கப் போவதில்லை. உன் நலம் என்ன லட்சணத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளையிடமிருந்து கடிதம் வந்தது. நீ சொல்லி அவர் எழுதியதில்லை என்று முதல் வரியிலேயே புரிந்தது. நாக்பூரில் வெயில் அதிகம், ஆரஞ்சு மலிவு, நான் நன்றாக இருக்கிறேன், இந்த மூன்றைத் தவிர உன் கடிதங்களில் நான் வேறு செய்தி கண்டதில்லை. வயிற்றுப் பிள்ளைக்கு ஆறு மாதம் முடிந்து பரிசோதனைக்குப் போனபோது உனக்கு ரத்தம் மிகவும் குறைவாக இருக்கிறது என்று சொல்லி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தார்களாம். சின்ன வயதிலிருந்தே இப்படியா என்று டாக்டர் கேட்டதற்கு நீ இல்லை என்று சொன்னாயாம். உங்களுக்கு ஏதாவது தெரியுமா அத்தை என்று என்னைக் கேட்கிறார். கடைசியில் விளையாட்டாக இரண்டு வரி. குழந்தை பிறப்பதற்கு முன்பே ஸ்லேட்டில் எழுதும் பல்பத்தைப் பெட்டி பெட்டியாக வாங்கி அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறாயாம். பிள்ளையை இப்போதே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாயா என்று அவர் உன்னைக் கேலி செய்கிறாராம். நல்ல மனிதர், பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் அந்த இரண்டு வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அவருக்கு இன்னும் பதில் போடவில்லை. அதற்கு முன் உனக்கு எழுத வேண்டியது ஒன்று பன்னிரண்டு வருஷமாகப் பாக்கி இருக்கிறது. உன் அப்பா காலையில் பாக்டரிக்குச் சைக்கிளில் போய்விட்டால் சங்கு ஊதி அவர் திரும்பி வரும்வரை இந்த குவார்ட்டர்ஸ் வீட்டில் நான் ஒருத்திதான். அடுத்த வருஷம் அவர் ரிடையர் ஆனதும் இதைக் காலி செய்துவிட்டு வேப்பம்பட்டில் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும். அதற்குள் நீ ஒரு தடவை இங்கே வந்து படுத்திருந்துவிட்டுப் போவாய் என்று நினைத்திருந்தேன். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு உன்னை அழைத்து வருவதற்காக ஜன்னல் பக்கம் கட்டிலை நகர்த்திப் போட்டு, கொசுவலை வாங்கி, பழைய வேட்டிகளைத் துவைத்துக் கிழித்துக் குழந்தைத் துணியாக மடித்தும் வைத்துவிட்டேன். ரயில் பயணம் ஒத்துக்கொள்ளாது, இங்கேயே பார்த்துக்கொள்கிறேன் என்று நீ எழுதிவிட்டாய். தலைப் பிரசவத்துக்குக்கூட அம்மா வீடு வேண்டாம் என்கிறாளே என்று இரண்டு நாள் உன் அப்பாவிடம் பொருமினேன். மாப்பிள்ளை கடிதம் வந்த பிறகு பொருமல் நின்றுவிட்டது. நீ ஏன் வர மறுக்கிறாய் என்று எனக்குத் தெரியும். இந்த வீட்டுக்கு வந்தால் பல்பத்தை எங்கே ஒளிப்பாய்?

உனக்குத் தெரிந்த கதைதான் என்றாலும் என் பக்கத்திலிருந்து நீ இதைக் கேட்டதில்லை. நீ ஆறாம் வகுப்புக்குப் போன வருஷம் எனக்கு அந்த வேலை கிடைத்தது. பட்டணத்து மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு டாக்டரம்மா, இந்தப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள், எதனால் சோர்ந்து போகிறார்கள், சொல்லிக் கொடுத்தால் என்ன மாறுகிறது என்று ஆராய்ச்சி செய்ய வந்தார். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த, வெயிலுக்கு அஞ்சாத, வாயுள்ள பெண்கள் இரண்டு பேர் வேண்டும் என்றார். வாய் எனக்கு உண்டு என்று இந்த குவார்ட்டர்ஸ் முழுக்கச் சாட்சி சொல்லும். இன்னொருத்தி அம்பத்தூர் வசந்தா. எடை மிஷினை அவள் தூக்கிக்கொள்ள, உயரக் கோலை நான் பிடித்துக்கொள்ள, ஆவடியில் ரயிலேறி வேப்பம்பட்டுக்குப் போவோம். லேடீஸ் பெட்டியில் கூடைக்காரப் பெண்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு, "யக்கா, நானு எவ்ளோ கீறேன்னு பாரு" என்று கேட்டு மிஷின் மேல் ஏறி நிற்பார்கள், ஓடுகிற ரயிலில் முள் ஆடிக்கொண்டே இருக்கும், எவளுக்கும் எடை தெரிந்தபாடில்லை. அந்த நாட்களில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று உன்னிடம் சொன்னதே இல்லை. சமையல்கட்டுக்கு வெளியே எனக்கும் ஒரு பெயர் இருந்தது. குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் என்னை அளவு அக்கா என்று கூப்பிட்டார்கள்.

வேப்பம்பட்டிலும் ஆவடியிலும் எடுத்துக்கொண்ட பள்ளிகளில் நாங்கள் பாட்டுப் பாடினோம். செருப்பில்லாமல் கொல்லைக்குப் போகாதே, சாப்பிடும் முன் கையை சோப்புப் போட்டுக் கழுவு, முருங்கைக்கீரையை ஒதுக்காதே என்று நானே மெட்டுப் போட்ட பாட்டு. வாரம் ஒருநாள் சத்து மாத்திரை கொடுத்து, எங்கள் எதிரிலேயே விழுங்க வைப்போம். கோவில்பதாகைப் பக்கம் நீ படித்த பள்ளி மட்டும் வேறு கணக்கு. அங்கே பாட்டும் கிடையாது, மாத்திரையும் கிடையாது. உயரம், எடை பார்த்துவிட்டுப் பேசாமல் வந்துவிட வேண்டும். சொல்லிக் கொடுத்த பிள்ளைகளையும் சொல்லிக் கொடுக்காத பிள்ளைகளையும் வருஷக் கடைசியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தானே எங்கள் பாட்டால் ஏதாவது பலன் உண்டா என்று தெரியும்? டாக்டரம்மா அப்படித்தான் விளக்கினார், அதில் தப்பும் இல்லை. அங்கே எந்தப் பிள்ளைக்கு நோய் தெரிந்தாலும் உடனே வைத்தியம் பார்க்க ஏற்பாடும் செய்திருந்தார். தப்பு என் பேரில்தான். சட்டத்தை அவர் பள்ளிக்குப் போட்டார், நான் அதை வீட்டுக்குள்ளும் கொண்டு வந்துவிட்டேன். எங்க ஸ்கூல்ல மட்டும் ஏம்மா பாட மாட்டேங்கறே என்று நீ கேட்டபோது மடியில் உட்கார வைத்து அந்தப் பாட்டைப் பாடியிருக்கலாம். அது ஆபீஸ் விஷயம் என்றேன். உன் பள்ளிக்கு அளக்க வந்த அன்றைக்கு வரிசையில் நின்ற நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். வேலை நேரத்தில் அம்மா மகள் எல்லாம் கிடையாது என்பதுபோல, பேர் என்ன, எந்த வகுப்பு என்று உன்னையும் கேட்டேன். பக்கத்திலிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அமுதா, ஆறாம் வகுப்பு என்று நீ தலையைக் குனிந்துகொண்டு சொன்னாய்.

அளப்பது போக, வீடு வீடாகப் போய் அம்மாக்களிடம் கேட்டு நிரப்ப வேண்டிய தாள் ஒன்று இருந்தது. என்ன சாப்பிடுகிறது, அடிக்கடி களைத்துப் படுக்கிறதா, மண், சாம்பல், பல்பம், பச்சரிசி இப்படி எதையாவது தின்கிறதா. உண்டு அல்லது இல்லை என்று குறிக்க வேண்டும். உண்டு என்று குறித்த பிள்ளைகளை அடுத்த வாரம் வேனில் அழைத்துப் போய் ரத்தம் பார்ப்பார்கள். ரத்தத்தில் இரும்புச் சத்து குறைந்தால் சில பிள்ளைகளுக்கு இந்த மாதிரி ஆசை வரும், அது திருட்டுத்தனமும் இல்லை, கொழுப்பும் இல்லை, அடித்தால் போகாது என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஆனால் எந்த அம்மா ஒப்புக்கொள்வாள்? வேப்பம்பட்டில் ஒருத்தி, மகள் வாயோரமெல்லாம் செங்கல் பொடி ஒட்டியிருக்க, "மண்ணா? எம் பொண்ணா? அது சோறே துன்னாது" என்றாள். பொய் சொல்லப் போகிற அம்மா பதில் சொல்வதற்கு முன் ஒரு நொடி பிள்ளையைப் பார்ப்பாள் என்று நானும் வசந்தாவும் கண்டுபிடித்து வைத்திருந்தோம். அப்படிப் பார்த்தால் பேனாவை மூடிவிட்டு, என் பெண்கூட அப்படித்தான் என்று சும்மா ஒரு பொய்யை அவிழ்த்துவிடுவேன். அவர்களும் மனசு விட்டு உண்மையைச் சொல்லிவிடுவார்கள். கூட்டத்தில் இதைச் சொன்னபோது டாக்டரம்மா எல்லாருக்கும் எதிரில் என்னைப் பாராட்டினார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

அந்தப் பொய் உண்மையாகிவிட்ட நாள் உனக்கும் ஞாபகம் இருக்கும். துவைக்கப் போட்ட உன் யூனிபார்ம் பையில் கடித்து மிச்சம் வைத்த பல்பத் துண்டுகள். அந்த வாரம்தான் உன் வகுப்பு டீச்சர் சாக்பீஸ் காணாமல் போகிறது, உங்கள் பெண் மேல்தான் சந்தேகம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஏண்டி இப்படி என்று கையில் இரண்டு போட்டேன். நீ அழவில்லை. "மழை பெஞ்சா வருமே, அந்த வாசனை வருதும்மா, நிறுத்த முடியலம்மா" என்றாய். அது என் தாளில் இருக்கும் கேள்விக்கு நேரான பதில். எத்தனையோ பிள்ளைகளின் கீழ் இமையை இழுத்துச் சிவப்பு இருக்கிறதா என்று பார்த்த கைக்கு, என் பிள்ளையின் இமையை இழுத்துப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் சொல்ல வேண்டி வரும். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் முருங்கைக்கீரைப் பாட்டுப் பாடுகிறவள் வீட்டில் இப்படியா என்று நாலு பேர் கேட்பார்கள், டாக்டரம்மா என்ன நினைப்பார், இதுதான் அன்றைக்கு என் மண்டைக்குள் ஓடியது. உன் உடம்பைப் பற்றி ஒரு நினைப்பும் ஓடவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். ஓடியது, நான்தான் அதை ஓரமாக உட்கார வைத்தேன். கெட்ட பழக்கம், கண்டித்தால் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வசந்தா நம் வீட்டுக்குத் தாளோடு வந்தாள். சொந்தப் பிள்ளையின் தாளை நாங்களே நிரப்பக்கூடாது என்பதால் உன் தாள் அவளுக்கு வந்திருந்தது. நீ சமையல்கட்டு வாசலில் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உண்டு, இல்லை, உண்டு என்று சிரித்துப் பேசிக்கொண்டே பாதித் தாளை முடித்தோம். அந்தக் கேள்வி வந்தது. "மண்ணு, பல்பம் எதுனா துன்றாளாக்கா?" என்று கேட்டுவிட்டு வசந்தா என் முகத்தைப் பார்த்தாள். உன்னைப் பார்த்தால் அவள் கண்டுபிடித்துவிடுவாள், அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தானே. அதனால் நான் உன் பக்கம் திரும்பவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு, "இல்லை" என்றேன். அவள் குறித்துக்கொண்டாள். தலையைத் திருப்பிப் பார்த்தபோது வாசலில் நீ இல்லை, உள்ளே போயிருந்தாய். காபி போடட்டுமா என்று வசந்தாவைக் கேட்டேன்.

நாலைந்து மாதம் கழித்து, நான் வேப்பம்பட்டில் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்திருந்தபோது உன் பள்ளிப் பியூன் வந்து நின்றார். காலைப் பிரார்த்தனையில் நீ மயங்கி விழுந்து நெற்றியில் அடிபட்டு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். வேப்பம்பட்டிலிருந்து ஆவடி எவ்வளவு தூரம்? அன்றைக்கு அந்த ரயில் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நின்று நின்று போனது. ஆஸ்பத்திரியில் டாக்டர் உன் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, காகிதம் மாதிரி வெளுத்திருக்கிறதே, எத்தனை நாளாக இப்படி, ஏதாவது மண் கிண் தின்கிறாளா என்று கேட்டார். இரண்டாவது சந்தர்ப்பம் அது. வாயைத் திறந்தேன். "இல்ல டாக்டர், ஒரு வாரமாத்தான் களைப்பா இருக்கா" என்றேன். அவர் உன்னைக் கேட்டார். நெற்றியில் பஞ்சோடு நீ என் முகத்தைப் பார்த்தாய், பிறகு அவரைப் பார்த்து, "ஆமா டாக்டர், ஒரு வாரமாத்தான்" என்றாய். என்னைக் காப்பாற்றுகிறாயாம்! உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. மாத்திரை கொடுத்தார்கள், சாப்பிட்டாய், கன்னத்தில் நிறம் வந்தது, பல்பமும் நின்றுபோனது என்று நினைத்துக்கொண்டேன். நானாகக் கேட்கவும் இல்லை.

ஆராய்ச்சி முடிந்து தாள்களைக் கட்டுக் கட்டாகச் சாக்கில் போடும்போது உன் தாள் என் கைக்கு வந்தது. தப்பாக எழுதியதை எங்கள் வேலையில் ரப்பர் வைத்து அழிக்கக்கூடாது. ஒற்றைக் கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எத்தனையோ தாள்களில் அப்படித் திருத்தியிருக்கிறேன். கையில் பேனாவும் இருந்தது, அறையில் யாரும் இல்லை. உன் தாளை மட்டும் கட்டுக்கு நடுவில் சொருகிவிட்டேன். டாக்டரம்மா எத்தனை கஷ்டப்பட்டுச் சேர்த்த கணக்கில் ஒரு பொய்யை நான் விட்டுவிட்டு வந்தேன் என்பது ஒரு வருத்தம். அதைவிடப் பெரியது, அந்தப் பதிலை நீ மனப்பாடம் செய்துகொண்டாய் என்பது. அதற்குப் பிறகு உன் உடம்புக்கு வந்த எதையும் என்னிடம் சொன்னதில்லை. நீ பெரியவளானதைக்கூட எனக்கு வசந்தா வந்துதான் சொன்னாள். எடை மிஷினைத் திருப்பி எடுத்துப் போக வந்தவளிடம் பின்கட்டில் வைத்துச் சொல்லியிருக்கிறாய். எனக்கு எவ்வளவு ஆத்திரம் வந்தது தெரியுமா? பெற்றவள் நான் இங்கே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும்போது அவளிடம் என்ன என்று கத்தினேன். வசந்தா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "யக்கா, உம் பொண்ணு உன்னாண்ட சொல்றதுக்குப் பயந்துகினு கீது. நீ இன்னா பண்ணேன்னு நீயே ரோசன பண்ணு" என்றாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நீ மதராசில் காலேஜுக்குப் போய் வந்தாய், வேலைக்குப் போனாய், கல்யாணமாகி நாக்பூர் போய்விட்டாய். கேட்டதற்கெல்லாம் மரியாதையாக, ஒன்றும் இல்லைம்மா. ஜுரத்தில் உடம்பு கொதிக்கும்போதும் ஒன்றும் இல்லைம்மா. மற்ற வீட்டுப் பெண்கள் அம்மாவோடு சண்டை போட்டுக் கதவை அறைந்துகொண்டு போவதைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். நீ ஒரு நாளாவது கதவை அறைந்திருக்கலாம். சாயங்காலம் பிள்ளைகள் பள்ளி விட்டு இந்தத் தெரு வழியாகப் போகும்போது ரெட்டைப் பின்னல் போட்ட பெண் ஒருத்தியாவது உன் ஜாடையில் போகிறாள். ஜன்னலை விட்டு நகர மனசு வருவதில்லை. எதற்காக ஏங்குகிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். நீ பக்கத்தில் இல்லை என்பதற்காக மட்டும் இல்லை. நீ பக்கத்தில் இருந்த அத்தனை வருஷமும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பிள்ளையை நான் திரும்பிப் பார்க்கவில்லை, இப்போது பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

இனி நான் சொல்வதைக் கேள். அளவு அக்காவாகச் சொல்கிறேன் என்றாலும் சரி, அம்மாவாகச் சொல்கிறேன் என்றாலும் சரி. நீ பல்பம் தின்பது அசிங்கம் இல்லை. உன் உடம்பு சத்துக்காகத் தவிக்கிறது, அதற்கு அப்படித்தான் கேட்கத் தெரிகிறது. நாளைக்கே அந்த டாக்டரிடம் போய், பன்னிரண்டு வயதில் மயங்கி விழுந்தேன், அதற்கு முன்பே பல்பம் தின்றேன், இப்போதும் தின்கிறேன் என்று சொல். சொல்ல வாய் வராவிட்டால் இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடம் கொடு, அவர் படித்துச் சொல்லட்டும், என் மானம் போனால் போகட்டும். மாத்திரையை டீயோடும் காபியோடும் விழுங்காதே, எலுமிச்சம்பழச் சாறோ ஆரஞ்சோ எடுத்துக்கொள், அங்கேதான் மலிவு என்று எழுதுகிறாயே. வயிறு கறுப்பாகப் போகும், பயந்துகொண்டு நிறுத்திவிடாதே. பிறக்கப் போகிற குழந்தை நாளைக்குத் தவழ்ந்துபோய் மண்ணை வாயில் போட்டுக்கொண்டால் கையில் அடிக்காதே, இமையை இழுத்துப் பார். யாராவது ஒருத்தி தாளும் பேனாவுமாக உன் வீட்டுக்கு வந்து உன் பிள்ளையைப் பற்றி ஏதாவது கேட்டால், பிள்ளையைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்.

இன்லண்டு லெட்டரில் அடங்காது என்று கவரில் போடுகிறேன், இரண்டு ஸ்டாம்பு ஒட்ட வேண்டியிருக்கும். உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் நேற்றுச் சொன்னேன். அவளுக்கு எழுது என்று மட்டும் சொன்னார். நான் வரட்டுமா என்று உன்னைக் கேட்க எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறேன். வராதே என்றால் அதையும் எழுது. பன்னிரண்டு வருஷக் கோபம் இருந்தால் பக்கம் பக்கமாகத் திட்டி எழுது. நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் எழுதாதே. எங்கே வலிக்கிறது, எப்போது தலை சுற்றுகிறது, ஒரு நாளைக்கு எத்தனை பல்பம் என்று எழுது. படித்துவிட்டு அம்மா என்ன ஆவாளோ என்று இந்தத் தடவையும் என்னைக் காப்பாற்றப் பார்க்காதே. படித்து அழுவேன். அழுது முடித்துவிட்டு, நீ வா என்றால், அன்றைக்கே ரயிலேறி வருவேன்.

அம்மா